ரைட்டர் நடந்து போன நாட்கள்

நானும் என் கணவரும் சேர்ந்து எழுதிய முதல் திரைக்கதையில் ஒரு மனிதர் மனம் மாற வேண்டியிருந்தது. மர வியாபாரி. மனைவி இறந்த பிறகு இறுகிப்போனவர். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரே மகளை வாசற்படி ஏற விடாதவர். இடைவேளைக்குச் சற்று முன்பு அந்த மகள் நாலு வயதுக் குழந்தையோடு வந்து நிற்கிறாள். வேறு போக்கிடம் இல்லை. வேண்டாவெறுப்பாக வீட்டுக்குள் விடுகிறார். படம் முடிவதற்குள் அவர் நிஜமாகவே தகப்பனாகிவிட வேண்டும். அந்த மாற்றம்தான் எங்களுக்கு எழுத வரவில்லை.

எழுதவில்லை என்று சொல்ல முடியாது. எழுதிக் குவித்தோம். அவர் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரி ஒன்று, கோயில் மண்டபத்தில் அழுகிற மாதிரி ஒன்று, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் வசனம் பேசுகிற மாதிரி ஒன்று. எல்லாவற்றையும் இயக்குநர் பொறுமையாகப் படித்தார். முப்பது வயதைத் தாண்டாத மனிதர், அவருக்கும் அது முதல் படம்.

"தான் மாறிட்டதை அவரே சொல்லிட்டா, நான் எதுக்குக் கேமராவைத் தூக்கிக்கிட்டு வரணும்? எனக்குக் காதால கேக்குறதைக் குடுக்காதீங்க. கண்ணால பாக்குறதைக் குடுங்க" என்று காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இது எண்பதுகளின் நடுவில். சென்னையில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் கணவர் உதவி இயக்குநராக இருந்து எழுத வந்தவர். நான் பத்திரிகைகளில் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து அம்மாவின் தந்தி வந்தது. அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமாம், உடனே வரச் சொல்லியிருந்தாள்.

அக்காவை ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, வேலை நடக்கிறதா என்று சுற்றிப் பார்க்கிறவர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. இனி இல்லை என்பதை அந்த ஆபரேஷன் முடிவாகச் சொல்லிவிட்டது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மயக்கம் தெளிந்து அவள் கேட்ட முதல் கேள்வியே, "கோழிங்களுக்கு யாரு தீனி போடறாங்க?" என்பதுதான்.

ரைட்டரான மாமாவோ பேசுகிற ஆளே இல்லை. அவர் குரல் ஆட்களை அதட்டுவதற்கு மட்டும் என்று நான் சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தேன். அவருக்குப் பிரியமானது என்று உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள். தினம் காலையில் அதைத் துடைப்பார். சாயங்காலம் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடுவார். யாரும் அதன் மேல் சாய்ந்துகூட நிற்கக் கூடாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, எஸ்டேட் சாமான் கொண்டு வர இரும்புக் கேரியர் ஒன்றை மாட்டியிருந்தார். அதனால் அக்கா அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை. டவுனுக்குப் போவதென்றால் அவர் வண்டியில் முன்னால் போவார், இவள் பின்னால் பஸ்ஸில் போவாள்.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்குப் போய் உடம்பு தேறும்வரை, நாங்கள் மலைக்குப் போய் மாமாவுக்குச் சமைத்துப் போடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அம்மா. "எப்படியும் ரெண்டு பேரும் உக்காந்து எழுதத்தானே போறீங்க, அங்க போய் எழுதுங்க" என்றாள். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

சித்திரை மழை பெய்து ஓய்ந்த சமயம். மாமாவோடு பஸ்ஸில் ஏறிக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏற்காட்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்து எஸ்டேட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷனுக்காக அவர் பல நாட்கள் சேலத்திலேயே தங்கிவிட்டிருந்தார். மறுநாள் காலை கொட்டகைப் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது. பாதி மாமாவின் குரல், பாதி கோழியின் குரல்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். தார்ப்பாய் பாதி விலகியிருந்தது. வண்டியின் கேரியரில், ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டிய ஒரு மூங்கில் கூடை. விளக்குக் கண்ணாடிகள் உடையாமல் கொண்டு வருவதற்காக அதில் அவர் வைக்கோல் பரப்பியிருந்தார். ஆபரேஷன் அவசரத்தில் கூடையை அவிழ்க்காமலே தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த வைக்கோலில் அக்காவின் செவலைக் கோழி இறகை உப்பிக்கொண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மாமாவின் புறங்கையில் கொத்திய இடத்தில் ரத்தம்.

"எறங்கு" என்றார் மாமா, ஆட்களிடம் பேசுகிற அதே குரலில்.

கோழி இறங்கவில்லை. என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

நேரமாகிவிட்டதால் அன்று மாமா நடந்தே போனார். வீட்டிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்கு இரண்டு மைலுக்குக் குறையாது. ஏற்றமும் இறக்கமுமான மண் பாதை. அடுத்த நாளும் கோழி இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் அக்காவைப் பார்க்கச் சேலம் போனோம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாமா சொன்னார். "உன்ற கோழி என்ற வண்டி மேல ஏறி அடைக்கு உக்காந்திருக்குது. நாளைக்குக் கூடைய அவுத்துக் கீழ வெச்சிருவேன்."

அக்கா கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. "வேண்டாங்க. எடம் மாத்துனா அடைய உட்டுட்டுப் போயிருமுங்க. முட்டையெல்லாம் வீணாப் போயிரும்" என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "நொம்ப நாளைக்கப்புறம் இப்பத்தான் அது அடைக்கு உக்காந்திருக்குது" என்றாள்.

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

அவர் நடக்க ஆரம்பித்ததும் அந்த எஸ்டேட்டில் பல வேடிக்கைகள் நடந்தன. அதுவரை வளைவில் வண்டிச் சத்தம் கேட்டவுடனே ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து களை வெட்டுவார்கள். இப்போது சத்தம் இல்லை. ஒரு நாள் அவர் மிளகுக் கொடி படர்ந்த ஒரு மரத்தைச் சுற்றி வந்தபோது, பெண்கள் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் களைக்கொத்தைக் குடை மாதிரி இடுக்கிக்கொண்டு, "ஏய், என்ன அங்க கூட்டம்" என்று மாமாவின் குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் மாமாவே நிற்கிறார். அவளுக்குக் கொத்து கையிலிருந்து விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவராகவே இதை எங்களிடம் சொன்னார். அவர் தானாக ஒரு சங்கதி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பறம் என்ன செஞ்சீங்க மாமா?"

"என்ற குரலு அப்படியா இருக்குதுன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"இன்னுங் கொஞ்சம் கரகரன்னு இருக்குமுங்கன்னு அந்தப் புள்ள சொல்லுது" என்றவர், சட்டென்று சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும், "ஏனுங்க, வண்டி எங்கீங்க?" என்று கேட்டார்கள். கோழி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ரிப்பேரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்த மெக்கானிக்கின் காதுக்குப் போய்விட்டது. மரியாதைக்காரர். ரைட்டர் வண்டியாயிற்றே என்று ஒரு நாள் காலையில் ஸ்பேனர் பையோடு அவரே வந்து இறங்கினார். நாங்கள் தடுப்பதற்குள் கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார். கோழி அவரையும் கொத்தியது.

மெக்கானிக் விரலை வாயில் வைத்துக்கொண்டு கோழியைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரு, ரிப்பேருன்னு சொன்னாங்களே."

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஊட்டுல சொல்லியிருக்கறாங்க, எடம் மாத்தக் கூடாதுன்னு."

"அப்ப மாத்தப்படாதுங்க" என்றார் மெக்கானிக், அதுவும் ஒரு வண்டி நுணுக்கம் போல. தார்ப்பாயை அவரே மூடிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் விஷயம் செம்மநத்தம் வரை போய்விட்டது. பிறகு வண்டியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கோழியைத்தான் விசாரித்தார்கள். எங்களையும் விசாரித்தார்கள். நாங்கள் எழுத்தாளர்கள், ரைட்டர்கள் என்று என் கணவர் சொன்னதைக் கேட்ட ஒரு பெரியவர், "நீங்களும் ரைட்டருங்களா, எந்த எஸ்டேட்டுங்க?" என்றார்.

இவ்வளவு நடந்துகொண்டிருக்க, நாங்கள் உள்ளே உட்கார்ந்து மர வியாபாரியை எப்படி மாற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கண்ணால் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றாரே இயக்குநர், அதற்கு என் கணவர் தினம் ஒரு யோசனை சொல்வார். கூண்டைத் திறந்து கிளியைப் பறக்க விடுகிறார் என்றார். அணைந்த விளக்கை ஏற்றுகிறார் என்றார். ஒரு நாள் காபித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்த ஞாபகத்தில், "அவர் மனசு மாறுற நேரத்துல மலை பூராவும் பூக்குது" என்றார்.

"மழை பெஞ்சா எல்லார் தோட்டமும்தான் பூக்கும். இவர் என்ன செஞ்சார்?" என்றேன்.

"சரி, மூடுபனி வச்சுக்கலாம். பனி விலகுது. அவர் முகம் தெளிவாத் தெரியுது."

நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே பனி வந்து சவுக்கு மரத்தை மறைத்தது, விலகியது, மறுபடியும் மறைத்தது. "இங்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பனி விலகுது. உங்க வியாபாரி பத்துத் தடவை திருந்துவாரா?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காபி போடப் போனார். நான் சமையலறைக்குப் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகை தெரியும். மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குடையைத் தூணில் சாத்தினார். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீரும் கையில் கொஞ்சம் கம்பும் எடுத்துக்கொண்டு குனிந்து, தார்ப்பாயின் ஒரு முனையை மட்டும் தூக்கினார். உள்ளே வைத்தார். கோழி கொத்தவில்லை. பிறகு தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல், மெதுவாக இறக்கி மூடினார். குடையை எடுத்துக்கொண்டு ஏற்றத்தில் நடந்து போனார்.

"இங்க வாங்க" என்று என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"உங்க மாமா மாறிட்டார்" என்றார் அவர்.

"ஒரு வார்த்தை சொன்னாரா?"

"இல்லை."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சது?"

அன்று முழுக்க அதைத்தான் பேசினோம். தோட்டம் பூப்பதும் பனி விலகுவதும் பார்க்க அழகுதான், ஆனால் அதெல்லாம் மலையினுடையது. மலைக்கும் மாமாவுக்கும் சம்பந்தமில்லை. அந்த வண்டி அவருடையது. யாரையும் தொட விடாத பொருள். அதை ஒரு கோழிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தினம் கால் வலிக்க நடக்கிறார். ஏன் நடக்கிறார் என்று சொல்லவே கூச்சப்பட்டார். அக்காவிடம் அவரால் பேச முடியாததெல்லாம் அந்த நடையில் இருந்தது. இப்படியே வாயால் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தோம். நான் கொஞ்சம் அழுதேன், அது சந்தோஷத்தில்தான்.

மர வியாபாரிக்குக் கோழி சரிப்படாது. எங்கள் கதையில் அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதுவரை அது அவர் பணக்காரர் என்று காட்டுவதற்கு மட்டுமே நின்றுகொண்டிருந்தது. இப்போது அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே ஒரு காட்சி சேர்த்தோம். சாய்ந்து நின்ற டிரைவரையே வேலையை விட்டு நிறுத்திவிடுகிறார். பிறகு பேத்தி வருகிறாள். ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பி, கணக்குப் பையை வைக்கப் பின் கதவைத் திறக்கிறார். சீட்டில் குழந்தையின் மரப்பொம்மை. தலைக்கு ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வைத்து, கழுத்து வரை துண்டு போர்த்தித் தூங்க வைத்திருக்கிறாள். அவர் பார்க்கிறார். கதவை மெல்லச் சாத்துகிறார். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் கடைக்கு நடந்து போகிறார். அவ்வளவுதான். ஒரு வரி வசனம் இல்லை. மூன்று மாதம் எழுதி வராதது அரைப் பக்கத்தில் வந்துவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமா சந்தேகத்தோடு கேட்டார். "ஏங்கண்ணு, என்னையத்தான் எழுதறீங்களாட்ட இருக்குது?"

"கோழி இல்லீங்க மாமா, பொம்மை."

"வண்டி?"

"வண்டியும் இல்லீங்க. காரு."

கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி" என்று ரசம் ஊற்றச் சொன்னார்.

குஞ்சு பொரித்த அன்று காலை நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அதுவரை ஓடி நான் பார்த்திராத மாமா ஓடி வந்தார். "அம்மணி, சத்தங் கேக்குது, வா" என்றார், மூச்சு வாங்க. மாவுக் கையோடு போனேன். தார்ப்பாயைத் தூக்காமல் மூன்று பேரும் காதை வைத்துக் கேட்டோம். உள்ளே கீச்சு கீச்சென்று ஒரே கூட்டம். மாமா கீழே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் அக்கா வந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தவள், வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டகைக்குப் போனாள்.

"எல்லாமே பொரிச்சிருச்சுங்களா?"

"ஒண்ணு கூமுட்டை" என்றார் மாமா, அது தன் தவறு போல.

அக்கா புடவைத் தலைப்பில் ஒரு குஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "காலு வலிக்குதுங்களா?"

"இல்ல, பழகிப்போச்சு."

இவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

சென்னையில் இயக்குநர் அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். சிக்கல் மர வியாபாரியாக நடித்தவரிடம் வந்தது. நாடக மேடையில் வசனத்துக்குப் பேர் வாங்கியவர். அந்தக் காட்சியில் தனக்குப் பேச ஒன்றுமே இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. "நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திட்டு நடந்து போனா, ஜனங்களுக்கு என்னய்யா புரியும்? அட, 'தூங்கும்மா'ன்னு ஒரு வார்த்தையாவது சொல்லிக்கிறேனே" என்றார்.

"ஒரு தடவை பேசாம செஞ்சு பாருங்கண்ணே, சரியா வரலைன்னா பேசிடுங்க" என்றார் இயக்குநர்.

படப்பிடிப்பு நடந்தது ஊருக்கு வெளியே பெங்களூர் ரோட்டில் ஒரு பழைய பங்களாவில். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். நடிகர் கதவைத் திறந்தார். பொம்மையைப் பார்த்தார். கதவைச் சாத்தும்போது அது கடைசியில் 'டப்'பென்று சத்தம் போடும் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது போல. உள்ளங்கையை வைத்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. அதை நாங்கள் எழுதவில்லை, அவராகச் செய்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். நடிகர் எங்களைத் தேடி வந்து, "வசனம் வேண்டாம்" என்றார்.

படம் சேலத்தில் வெளியான வாரம் அக்காவையும் மாமாவையும் மத்தியானக் காட்சிக்கு வரச் சொல்லியிருந்தோம். பஸ்ஸில் வருவார்கள் என்று நான் தியேட்டர் வாசலில் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கேரியர் இல்லை, பின் சீட்டு இருந்தது. அதிலிருந்து அக்கா இறங்கினாள். மலைக்காற்றில் தலைமுடி எல்லாம் பறந்து நின்றது. பூ வைத்திருந்த இடத்தில் நார் மட்டும் இருந்தது. "வளைவுல எல்லாம் கண்ண மூடிக்கிட்டேன் கண்ணு" என்றாள், சிரிப்பு தாங்காமல்.

கூட்டம் அதிகமில்லை. ஆனால் வந்தவர்கள் அமைதியாகப் பார்த்தார்கள். என் கணவர் என் கையைப் பிடித்திருந்தார். நடிகர் கார்க் கதவைத் திறந்தபோது மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பொம்மை தெரிந்தது. கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. மாமா தோள் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

திரையில் மர வியாபாரி குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தார். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு இளம்பெண் தன் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்கத்தே, காரு இருக்கறப்ப அவரு ஏன் நடந்து போறாருன்னு தெரியுதுங்களா? உள்ள பொம்ம தூங்குதுல்லங்க, அதான்."

"அது எனக்குத் தெரியாதா" என்றாள் மாமியார். "நீ பேசாம படத்தப் பாரு."